சாகாதவர்களுக்கு ஒப்பாரி

என்னை அழவைத்த முதல் ஆங்கில நாவல் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் ‘தி லாஸ்ட் ஆஃப் தி மொஹிகன்ஸ்’. பள்ளி நாள்களில் வாசித்தது, அதுவும் சுருக்கப் பதிப்பு. வில்லியம் ஹென்றி கோட்டை முற்றுகை, அருவிக்கு நடுவே பாறைக் குகை, ஒடிந்த சுள்ளியைப் பார்த்தே போனவன் யார் என்று சொல்லிவிடும் சிங்காச்கூக், அவர் மகன் அன்கஸ். எதிரி மாகுவாவின் கத்திக்கு அன்கஸ் பலியாகி, தகப்பன் மட்டும் மிஞ்சி நிற்கும் கட்டத்தை வாசித்தபோது ஆசிரியருக்கே குரல் கம்மியது. “அத்தோடு அந்த இனமே முடிஞ்சுது” என்றார். ஒரு மக்கள் கூட்டமே உலகத்தில் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

இப்போது முழு நாவலையும் வாசிக்கிறேன். கூப்பரின் காடு இன்னும் என்னை உள்ளே இழுக்கிறது. கடைசி அத்தியாயத்தில்தான் கண்ணீருக்குப் பதில் கோபம் வருகிறது.

கதை நடப்பது 1757இல், நாவல் வெளிவந்தது 1826இல். அந்த 1826இல் மொஹிகன்கள் உயிரோடு இருந்தார்கள். ஹட்சன் ஆற்றின் இரு கரையும் அவர்களுடைய மண். அங்கிருந்து நெருக்கப்பட்டு மாசசூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜில் கூடினார்கள். கூப்பர் எழுதிய அதே ஆங்கிலேய-பிரெஞ்சுப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டன் பக்கம். 1778 ஆகஸ்ட் 31 அன்று, இன்று நியூயார்க் நகருக்குள் இருக்கும் பிராங்ஸில், ஆங்கிலேயக் குதிரைப்படை அவர்களை வெட்டிச் சாய்த்தது. நாட்டுக்காக இத்தனை பேரைக் கொடுத்தவர்களுக்கு ஸ்டாக்பிரிட்ஜில் நிலம் தங்கவில்லை. ஒனைடா என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் இடம் கொடுக்க, நியூயார்க் மாநிலத்துக்குப் போனார்கள். அங்கும் நெருக்கடி. 1818இல் ஒரு குழு இந்தியானாவை நோக்கிப் புறப்பட்டது. போய்ச் சேர்ந்தால், நம்பி வந்த நிலம் ஏற்கெனவே அரசின் கைக்குப் போயிருந்தது. பிறகு 1822 முதல் விஸ்கான்சின்.

கூப்பர் வளர்ந்தது ஆட்ஸிகோ ஏரிக்கரையில், அவருடைய அப்பா நிறுவிய கூப்பர்ஸ்டவுனில். பூர்வகுடிகளிடமிருந்து போன மண்ணில் எழுந்த ஊர் அது. அப்பா மனை பிரித்து விற்றார், மகன் பூர்வகுடிகளுக்கு இரங்கல் எழுதினார். மூச்சு இருப்பவரைக் கூடத்தில் கிடத்தி ஒப்பாரி வைத்தால் நம் ஊரில் விடுவார்களா? ஆனால் இந்த ஒப்பாரியை அமெரிக்கா விரும்பிக் கேட்டது. நாவல் வந்த நான்காம் வருடம், 1830இல், பூர்வகுடிகளை மிசிசிபிக்கு மேற்கே அனுப்பும் சட்டம் நிறைவேறியது. எப்படியும் மறையப்போகிறவர்கள் என்று ஊரே நம்பிவிட்டால், அவர்களைப் பெயர்த்து அனுப்ப யாருக்கும் கை நடுங்காது. கூப்பர் அதை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய துக்கம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது யாருக்கு வசதியாக இருந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

அன்கஸ் என்ற பெயரும் இவர்களுடையதல்ல. கனெக்டிகட்டில் வாழ்ந்த, பெயர் மட்டும் ஒத்த மொஹீகன்கள் என்ற வேறொரு குடியின் பதினேழாம் நூற்றாண்டுத் தலைவர் ஒருவரின் பெயர் அது. அவர்களும் இன்றுவரை இருக்கிறார்கள்.

பள்ளியில் எனக்கு யாரும் சொல்லாத ஒரு பெயர் ஹென்ட்ரிக் ஆபாமுட். வாஷிங்டனுக்காகப் போரிட்ட மொஹிகன் தலைவர், தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தவர். நாவல் அச்சேறியபோது அவர் உயிரோடுதான் இருந்தார். இன்னொரு பெயர் எலெக்டா குவின்னி. 1828இல், ‘கடைசி மொஹிகன்’ அச்சில் செத்து இரண்டே வருடத்தில், இந்த மொஹிகன் பெண் விஸ்கான்சினின் காக்கானாவில் கட்டணமில்லாப் பள்ளி ஒன்றைத் தொடங்கிப் பாடம் நடத்தினார். அந்த மாநிலத்தின் முதல் பொதுப்பள்ளி ஆசிரியை என்று அவரைக் கொண்டாடுகிறார்கள்.

என் பேரன் இந்த வருடம் அந்த நாவலைக் கேட்டான். வாங்கிக் கொடுத்தேன். விஸ்கான்சினின் ஷவானோ மாவட்டத்தில் ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி மொஹிகன்களுக்குச் சொந்த மண்ணும், தேர்ந்தெடுத்த ஆட்சி மன்றமும், தங்கள் கதையைத் தாங்களே சேர்த்துவைக்கும் நூலக அருங்காட்சியகமும் இன்று இருப்பதை, அவன் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே உட்காரவைத்துச் சொன்னேன்.