வாயால் பாறை ஏறுவது எப்படி?

பாறை ஏறக் கை வேண்டும், கால் வேண்டும், கயிறு வேண்டும் என்று யாரோ ஊரில் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நம்பாதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் சனிக்கிழமை காலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் ஏறுவது வாய். மற்ற உறுப்புகளெல்லாம் பிறகு, நேரமிருந்தால், மழை வராவிட்டால். உங்களிடம் இந்தத் திறமை ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருவது மட்டுமே என் வேலை.

1. நேரத்தை முடிவு செய்யுங்கள்

"காலை ஏழு மணி, பத்துமலை, குவா டாமாய்" என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்புங்கள். பிறகு திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். கிள்ளானிலிருந்து கேடிஎம்மில் கிளம்பி, கேஎல் சென்ட்ரலில் வண்டி மாறி வரும் நண்பர் சரியாக ஏழுக்கு வந்து நிற்பார். கேஎல் சென்ட்ரலை வாசலிலேயே வைத்திருக்கும் பிரிக்பீல்ட்ஸ்காரர் ஒன்பதரைக்கு வருவார். இது இயற்கையின் விதி, மாற்றப் பார்க்காதீர்கள். யார் கூப்பிட்டாலும் "வந்துட்டேன் லா, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லுங்கள். பல் துலக்கிக்கொண்டே சொன்னாலும் செல்லும்.

எல்லோரும் கூடியதும் மாமாக் கடைக்குப் போங்கள். ரொட்டி சானாய், தே தாரிக், இன்னொரு தே தாரிக். பாறைக்கு வரும்போது பதினொன்று ஆகியிருக்க வேண்டும். இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வரும் ஊர் இது. கயிற்றைப் பிரித்துப் போடவும் வானம் கறுக்கவும் சரியாக இருக்கும். ஏறாமலே திரும்ப இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்காது.

2. பொருள் வாங்குங்கள்

திறமை வளர்வதற்குள் பை வளர்ந்துவிட வேண்டும். இடுப்பில் கட்டும் ஹார்னஸ் இரண்டு, கையில் தேய்க்கும் சாக் பொடிக்கு மூன்று பை, கயிறு மாட்டும் கேரபினர் பதினாறு. நடக்கும்போது கோயில் மணி கட்டிய மாடுபோலச் சத்தம் வந்தால் சரியான அளவில் வாங்கியிருக்கிறீர்கள்.

காட்டுப் பாதைக்கு வெளிநாட்டுக் காலணிதான் போட வேண்டும். "கம்போங் அடிடாஸ்" என்று ஊரே கேலியாகக் கூப்பிடும் அந்தக் கறுப்பு ரப்பர் காலணியை மறந்தும் வாங்காதீர்கள். அடியில் முள்முள்ளாக இருக்கும், சேற்றில் வழுக்காது, ஒரு தட்டு நாசி கண்டார் விலைக்குக் கிடைக்கும், கழுவினால் உடனே காய்ந்துவிடும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் விடிவதற்கு முன்பே அதைப் போட்டுக்கொண்டு மேடும் பள்ளமும் ஏறி இறங்கினார்கள். இன்றும் மலையோட்டப் பந்தயக்காரர்கள் அதைப் போடுகிறார்கள். இவ்வளவு நல்ல குணமுள்ள ஒரு பொருளைப் பற்றி என்ன பேசுவது? பேச்சுக்கு உதவாத பொருளைக் காலில் மாட்டாதீர்கள்.

3. தகுதியை நிறுவுங்கள்

பாறையடியில் புதியவர் யாராவது நின்றால், அவர் வணக்கம் சொல்வதற்குள் நீங்கள் ஏறும் பாதையின் கடின எண்ணைச் சொல்லிவிடுங்கள். "நான் 6பி ஏறுறவன். போன வாரம் 7ஏ கிட்டத்தட்ட முடிச்சிட்டேன்." கிட்டத்தட்ட என்றால் எவ்வளவு என்று நாகரிகமானவர்கள் கேட்க மாட்டார்கள். உள்ளரங்கில் வண்ணப் பிடிகளைப் பார்த்து ஏறிய எண்ணையே சுண்ணாம்புப் பாறைக்கும் சொல்லலாம். பாறைக்கு அந்தக் கணக்குத் தெரியாததுதான் குறை.

எண் போதவில்லை என்றால் இனத்தை இழுங்கள். எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலில் நின்ற மலேசியர்கள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ். நாள் 1997 மே 23. "நம்ம ஆளுங்கதான் மச்சான், மலையேற்றம் நம்ம ரத்தத்துல ஓடுது" என்று சொல்லுங்கள். அந்த இருவரும் அதற்கு முன்னால் எத்தனை ஆண்டு பயிற்சி செய்தார்கள் என்ற பேச்சு வந்தால் உடனே கேரபினர் விலைக்குத் திரும்புங்கள்.

4. முடிச்சுப் போடும்போது பேசுங்கள்

இதுதான் நம் கலையின் உயிர்நாடி. நிதானமாகப் படியுங்கள்.

ஹார்னஸில் கயிற்றைக் கட்ட எட்டு முடிச்சு ஒன்று இருக்கிறது. முதலில் கயிற்றில் ஓர் எட்டு. பிறகு நுனியை ஹார்னஸுக்குள் விட்டு, வந்த வழியிலேயே திரும்பக் கோத்து, இரண்டாவது எட்டு. மொத்தமே அரை நிமிட வேலை. அதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டால் பேச இடம் ஏது? ஆகவே முதல் எட்டைப் போட்டதும் நிறுத்துங்கள். நுனியை ஹார்னஸுக்குள் விட்டபடியே தலையைத் தூக்கி, "அந்தக் காண்டோ வாங்கினியே, என்னாச்சு?" என்று கேளுங்கள். பதிலைக் கடைசிவரை கேளுங்கள். வங்கிக் கடன், பராமரிப்புக் கட்டணம், மச்சினனின் சாட்சிக் கையெழுத்து, எல்லாம். பிறகு காலணியை மாட்டுங்கள், கையில் சாக் தேயுங்கள், ஏறுங்கள்.

இதற்கு உலகத் தரத்தில் முன்னுதாரணம் உண்டு. லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணி அந்தக் காலத்தில் உலகின் தலைசிறந்த பாறை ஏறுநர்களில் ஒருவர். 1989இல் பிரான்சின் புயூ பாறைகளில், அவருக்கு மிகச் சுலபமான ஒரு பாதையடியில் நின்று கயிற்றைக் கட்டத் தொடங்கினார். நடுவில் காலணி போட வேண்டியிருந்தது, கூடவே ஒரு பேச்சு வந்தது. முடிச்சு பாதியில் நின்றது. அவருடைய மேல்சட்டை அதை மறைத்துவிட்டது. உச்சிவரை போய், இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தார். 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். வழியில் ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். 1993இல் அதே லின் ஹில், யோசெமிட்டியின் எல் காப்பிட்டன் பாறையில் "தி நோஸ்" பாதையை உபகரணங்களில் தொங்காமல் கையாலும் காலாலும் மட்டுமே ஏறிய முதல் மனிதர் ஆனார்.

அப்பேர்ப்பட்டவருக்கே ஒரு பேச்சு போதுமானதாக இருந்திருக்கிறது. நீங்களும் நானும் எவ்வளவு எளிதாகச் சாதிக்கலாம் என்று யோசியுங்கள். உங்கள் பாறையடியில் மரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. ஏறுவதற்கு முன்னால் இருவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் கையால் தொட்டுப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உங்களை யாராவது அப்படித் தொட வந்தால் புண்பட்டுவிடுங்கள். "என்ன பாஸ், என்மேல நம்பிக்கை இல்லையா? பத்து வருஷமா ஏறுறேன்." அவர் கையை எடுத்துவிடுவார். மரியாதை தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது.

5. கயிற்றை அளக்காதீர்கள்

உங்களிடம் 60 மீட்டர் கயிறு இருக்கிறது. பாதை 35 மீட்டர். அறுபது முப்பத்தைந்தைவிடப் பெரியது, தாராளமாகப் போதும் என்று முடிவு கட்டுங்கள். ஏறியவரை இறக்கும்போது கயிறு மேலே போய்த் திரும்பி வர வேண்டும், ஆகவே 70 மீட்டராவது தேவை என்று கணக்குச் சொல்ல ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை மாமாக் கடைக்குத் தபாவ் வாங்க அனுப்பிவிடுங்கள்.

பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். அவர் தலையிலிருந்து ஒருவரைத் தரைக்கு இறக்க 85 மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும். சிலையடியில் படம் எடுக்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வந்தால் உடனே படிகளின் வண்ணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

கயிற்றின் கீழ் நுனியிலும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால், கயிறு தீரும்போது அது கீழே நின்று கயிறு பிடிப்பவரின் கருவியில் சிக்கி நின்றுவிடும். மேலே தொங்குபவர் தொங்கியபடியே இருப்பார். அந்த முடிச்சைப் போடாதீர்கள். கயிறு சிக்கலாகிவிடும்.

6. கயிறு பிடிப்பவராக இருங்கள்

கீழே நின்று கயிறு பிடிப்பவரை பிலேயர் என்பார்கள். வேலை எளிது, கைபேசி கையில் இருக்க வேண்டும்.

மேலேயிருந்து "டேக்!" என்று குரல் வந்தால் கயிற்றை இறுக்க வேண்டும். "ஸ்லாக்!" என்று வந்தால் தளர்த்த வேண்டும். பக்கத்துப் பாதையிலும் ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். இரண்டில் எது கேட்டதோ அதைச் செய்யுங்கள். ஏறத் தொடங்கும் முன்பே "மேலே போனதும் நான் உன்னை இறக்கணுமா, நீயே கயிற்றில் இறங்கிடுவியா?" என்று கேட்டு வைத்துக்கொள்வது பேச்சின் சுவையைக் கெடுக்கும். அவர் உச்சியிலிருந்து "சேஃப்!" என்பார். அதற்கு இரண்டு அர்த்தம் எடுக்கலாம். நீங்கள் உங்களுக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, கயிற்றைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போங்கள். அவர் தன் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு பின்னால் சாய்வார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. குவா டாமாய் இருக்கும் இதே பத்துமலையின் முன்பக்கத்தில் தைப்பூசத்தன்று காவடி எடுப்பவரின் பக்கத்தில் ஒருவர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு முக்காலி. 272 படியிலும் அவர் கண் காவடி எடுப்பவரை விட்டு நகராது. கால் தடுமாறினால் தோளைக் கொடுப்பார், உட்கார வேண்டும் என்றால் முக்காலியைப் போடுவார், உதட்டைப் பார்த்தே தண்ணீர் கொடுப்பார். படம் எடுக்க மாட்டார், வீட்டுக் கடன் பற்றிக் கேட்க மாட்டார். நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் வருடாவருடம் செய்கிற இந்தப் பிலேயர் வேலையை மலையின் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அது பக்தி, இது பொழுதுபோக்கு. இரண்டும் வேறு வேறு.

7. ஹெல்மெட்

காரிலேயே இருக்கட்டும். முடி கலைந்துவிடும்.

8. புக்கிட் தாபுர் செல்லுங்கள்

கயிறும் முடிச்சும் சலித்தால் மலைமுகடு. கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டைப் பார்த்தபடி நிற்கும் வெண்ணிறக் குவார்ட்ஸ் பாறைத் தொடர், நீளம் 14 கிலோமீட்டருக்கும் அதிகம், உலகிலேயே மிக நீளமான இத்தகைய தொடர்களில் ஒன்று. முகட்டின் பல இடங்களில் இரண்டு பக்கமும் பாதாளம். விழுந்து இறந்தவர்கள் உண்டு, வழி தவறி இரவைக் காட்டில் கழித்தவர்கள் உண்டு. ஆகவே குடும்பத்தோடு போக ஏற்ற இடம்.

அனுமதிச் சீட்டு எதுவும் வாங்காதீர்கள். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பலகையைச் சுற்றி உள்ளே போங்கள். வீட்டில் எங்கே போகிறோம் என்று சொல்லாதீர்கள், அம்மா கவலைப்படுவார். ஒருவருக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். டார்ச் வேண்டாம், ஏழேகாலுக்குத்தானே பொழுது சாய்கிறது. மரங்களுக்கடியில் ஆறரைக்கே இருட்டிவிடும் என்பதைப் போனபின் தெரிந்துகொள்ளலாம். கைபேசி விளக்கு இருக்கிறது. அதன் மின்சாரத்தை முகட்டில் நேரலை போட்டே தீர்த்துவிடுங்கள்.

9. அருவியில் முடியுங்கள்

வியர்வை தீர கஞ்சிங்குக்கோ சுங்கை காபாய்க்கோ போங்கள். பாறை நடுவில் பாய் விரித்து, கோழிக் குழம்பைத் திறந்து வையுங்கள். மேலே மலையில் கறுத்திருந்தால் என்ன, உங்கள் தலைக்கு மேல் வெயில்தானே? தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும். இலையும் குச்சியும் மிதந்து வரும். மேலேயிருந்து ஓர் இரைச்சல் கேட்கும். உள்ளூர் மலாய்க்காரர் யாராவது "கெப்பாலா ஆயர்!", அதாவது திடீர் மலைவெள்ளம், என்று கத்திக்கொண்டே கரையேறுவார். இதெல்லாம் படம் பிடிக்க நல்ல நேரம். முதலில் பிள்ளைகளைத் தண்ணீரில் வரிசையாக நிறுத்துங்கள்.

10. பின்னாய்வு

ஏதாவது ஆகிவிட்டால் 999ஐ உடனே அழைக்காதீர்கள். நான்கு பேர் நான்கு யோசனை சொல்லட்டும். ஒருவர் தண்ணீர் தெளிக்கட்டும், ஒருவர் விழுந்தவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கட்டும், முதுகெலும்பு அவருடையதுதானே. போம்பா வீரர்கள் வந்ததும் எந்தப் பாதை வழியாக வர வேண்டும் என்று அவர்களுக்கும் ஓர் அறிவுரை கொடுங்கள்.

மாலையில் வழக்கமான மாமாக் கடை. அங்கே தவறு யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும். கடையில் இல்லாதவருடையதுதான் தவறு. அவர் மருத்துவமனையில் இருப்பதால் இது சுலபம். "அவன் யார் சொல்லியும் கேக்க மாட்டான் லா" என்று முடித்து, தே தாரிக்குக்குச் சொல்லிவிட்டு, அடுத்த வாரத்துக்கான செய்தியை அனுப்புங்கள். நான் அனுப்பப்போவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

சனிக்கிழமை, காலை ஏழு மணி, குவா டாமாய். கீழே நின்று கயிறு பிடிக்க ஓர் ஆள் தேவை. அனுபவம் வேண்டியதில்லை. நன்றாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.