சாமிக்கு வேலை, சனத்துக்கு ஸ்டூலு

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நம்ம வில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல வைத்தியநாதர் சாமி பிரசவம் பாத்த கதையைத் தலையில மாட்டுற கண்ணாடிக்குள்ள அடைச்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டப் போறியாமே? நல்லாச் செய். கிழவன் ரெண்டு யோசனை சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல ஸ்டூலு வாங்கு. சுத்துற ஸ்டூலாப் பாத்து வாங்கு. ஒருத்தி வலியில துடிக்கிறப்ப, பாக்குறவன் உக்காந்த இடத்துலயே சுத்திச் சுத்தி வேடிக்கை பாக்கணும்ல? அந்தக் காலத்துல வீட்டுக்குள்ள பிரசவம் நடக்கையில ஆம்பளைக நாங்க திண்ணையில செஞ்சது அதே வேலைதான். நீ அதைக் கரண்டு குடுத்துச் செய்யப் போற, அம்புட்டுத்தான்.

சிரிக்காத. கதை தெரியும்ல ஒனக்கு? வரவேண்டிய அம்மா வரலை. நெறமாசக்காரி தானே தாய் வீட்டுக்கு நடையைக் கட்டுனா. பாதி வழியில வலி கண்டுருச்சு. சாமி அம்மா வேசத்துல வந்து பிரசவம் பாத்தார். இன்னைக்கும் சுகப்பிரசவம் வேண்டிப் பிள்ளைத்தாச்சிக அங்க வாராக. ஒன் படத்துல அந்தப் பொண்ணுக்கு வேலை இருக்கு, சாமிக்கு வேலை இருக்கு. பாக்குற பயலுக்கு என்ன வேலை? ஒரு செம்புத் தண்ணியாவது கொண்டாரச் சொன்னியா?

நர்சுக்குப் படிக்கிற ஒன் தங்கச்சி ஒண்ணு சொன்னா. நார்வேயில லேர்டால்னு ஒரு கம்பெனி, வயித்துல கட்டிக்கிற மாதிரி ஒரு பை செய்யுதாம். உள்ள பொம்மைப் பிள்ளை, செவப்புத் தண்ணி. வாத்தியாரம்மா அதைக் கட்டிக்கிட்டு ‘அய்யோ அம்மா’ன்னு கத்துவாக. படிக்கிற பிள்ளை பிரசவம் பாக்கணும். ரத்தத்தை நிறுத்துற வழியைச் செய்யலைன்னா ஒழுகிக்கிட்டே இருக்கும். அதுல கண்ணாடியும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. கை நடுங்கும், வேர்க்கும், பாடம் ஏறும். வைத்தியநாதர் போட்ட அம்மா வேசத்தை நார்வேக்காரன் பையில போட்டுத் தச்சிருக்கான். காப்புரிமை கேட்டு சாமி இன்னும் நோட்டீசு விடலை.

மதுரையில திருமலை நாயக்கருக்குத் தீராத வயித்துவலி. நம்ம வைத்தியநாதர் சன்னதியிலதான் அது தீந்துச்சுங்கிறது கோயில் கதை. அதுக்கப்புறம் இங்க பூசை முடிஞ்சாத்தான் அங்க சாப்பாடுன்னு வச்சுக்கிட்டாராம். சேதி எப்படிப் போகும்? வழிநெடுக நகரா முரசு வச்ச மண்டபம். இங்க அடிச்சா அடுத்த மண்டபத்துக்காரன் கேட்டு அடிப்பான், அதைக் கேட்டு அதுக்கு அடுத்தவன். சத்தம் ஒரு வினாடிக்கு 340 மீட்டர் போகும்னு நீதானே சொன்ன? 75 கிலோமீட்டர்னு வச்சாலும் நாலு நிமிசத்துக்குள்ள ராசா இலையில சோறு விழணும். நடுவுல ஒருத்தன் கண் அசந்தா ராசா பட்டினி. அதனால அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னான்யா! இதைக் காட்டணும்னா நகரா சத்தத்தை எட்டு ஸ்பீக்கர்ல விடாத. பிள்ளைகளைக் கண்மாய்க் கரையில வரிசையா, எட்ட எட்ட நிறுத்தி, கையில ஆளுக்கொரு தகரடப்பாவைக் குடு. கடைசிப் பயகிட்ட சோத்துவாளியை வையி. சத்தம் வந்தாத்தான் திறக்கணும்னு சொல்லு. பெறகு பாரு.

அதே நாயக்கர் மகால்ல சிலப்பதிகாரத்தை ஒலி-ஒளியாக் காட்டுனாக. மதுரை எரியுது, விளக்கு செவக்குது, நாம நாற்காலியில உக்காந்து கொசு அடிச்சோம். குத்தம் சொல்லலை, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்குக் கத்துக்கிட்டது கொசுவைப் பத்தித்தான்.

நீ என்னமோ புதுசுங்கிற. அமெரிக்காவுல மார்ட்டன் ஹெய்லிக்னு ஒரு ஆளு 1962லயே ‘சென்சோரமா’ங்கிற பெட்டிக்குக் காப்புரிமை வாங்கிட்டார். தலையை உள்ள விட்டா மோட்டார் சைக்கிள்ல போற படம், மூஞ்சியில காத்து, சீட்டு குலுங்கும், மூக்குக்கு வாசனை வேற. பணம் போட ஆள் வரலை. வண்டி ஓடுச்சு, ஆனா ஹேண்டில்பாரைத் திருப்புற உரிமை உக்காந்தவனுக்கு இல்ல.

இங்க வில்லிபுத்தூர்ல மார்கழியில பச்சைப் பரத்தல் பாத்திருக்கியா? பகல்பத்து தொடங்குற அன்னைக்கு ஆண்டாள் பிறந்த வீட்டுக்கு வருவா. பெரியாழ்வார் வம்சத்தார் வீட்டு வாசல்ல காய்கறியும் பழமும் பரப்பி வச்சு வரவேற்பாக. செலவு என்ன? கத்திரிக்காய், பூசணிக்காய், வாழைக்காய். ஆனா மக வீட்டுக்கு வாராங்கிறதுக்கு இதைவிட என்னய்யா வேணும்? அங்க நிக்கிற கிழவி ஒவ்வொருத்திக்கும் கட்டிக்குடுத்த தன் மக ஞாபகம் வந்துரும். அந்தக் கண்ணீரு ஒன் மென்பொருள்ல கிடையாது. ஆண்டாள் கோயில் அரையர் சேவையில முத்துக்குறின்னு ஒண்ணு நடக்கும். ஒரே ஆளு தாயா, மகளா, குறி சொல்ற கட்டுவிச்சியாப் பேசுவார். தலையில குல்லாய், கையில தாளம். மிச்சத்தைப் பாக்குறவன் மனசு போட்டுக்கணும். ஆடிப்பூரத் தேருக்கும் அதே கணக்குதான். வடம் பிடிச்சுக் கை காந்துனவனுக்குத் தேர் எம்புட்டுக் கனம்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கண்ணாடியைத் தூக்கிப் போடவா சொல்றேன்? சீச்சீ. காடு பாக்கப் போக முடியாத பிள்ளைக்குச் செண்பகத்தோப்பு அணிலைக் காட்டு, படுத்த படுக்கையா இருக்குற கிழவிக்குக் கோபுரத்தைக் காட்டு. கும்பிட்டுக்குவா. அங்க அது வேணும். நடந்து போற தூரத்துல கோயில் இருக்குறப்ப மாட்டிவிடுறதுதான் வேடிக்கை.

கதையைச் செஞ்சே தீருவேன்னா, பயலுகளைச் சாமி பக்கத்துல உக்கார வைக்காத. வராமப் போன அந்த அம்மா வீட்டுல உக்கார வையி. அடுப்புல உலை, மாடு கத்துது, புருசன் சோறு கேக்குறான், மக கிட்ட இருந்து சேதி வந்துருக்கு. இப்பக் கிளம்புறதா, நாளைக்கா? அதை அவனே முடிவு பண்ணட்டும். எது பண்ணாலும் போய்ச் சேருறப்ப அங்க இன்னொரு அம்மா பிரசவம் பாத்து முடிச்சிருக்கணும்.

கழட்டுனதும் அஞ்சு நட்சத்திரத்துக்கு எத்தனைன்னு கேக்கப் போறியாமே? அதை விடு. அந்த அம்மா ஏன் வரலைன்னு கேளு. வகுப்புல சண்டை கிளம்புச்சுன்னா ஒன் வேலை பலிச்சிருச்சுன்னு அர்த்தம். வாத்தியார் பிரம்பை எடுத்தார்னா மட்டும் என் பேரைச் சொல்லிராத.