கருத்தாளர் வருகிறார்

சார்: செல்வம், ஸ்ட்ராங்கா ஒரு டீ போடு. மனித உரிமைக் கல்வித் திட்டத்துல ஆசிரியர் பயிற்சிக்கு என்னைக் கருத்தாளரா எடுத்துட்டாங்க. 30 வருஷ அனுபவம்னா சும்மாவா?

செல்வம்: சும்மாவா சார்! அதுல பாதி என் முதுகுல இருக்கே.

சார்: அது கண்டிப்புடா. உலக மனித உரிமைப் பிரகடனம் தெரியுமா? 1948 டிசம்பர் 10. மொத்தம் 30 பிரிவு, எல்லாம் விரல் நுனியில வச்சிருக்கேன்.

செல்வம்: விரல் நுனியா? அஞ்சு விரலையும் குவிச்சு நீட்டச் சொல்லி, ஸ்கேலைப் பக்கவாட்டுல திருப்பிப் போடுவீங்களே, அந்த அனுபவமா?

சார்: அப்ப சட்டம் எங்கடா இருந்துச்சு?

செல்வம்: 2009-ல கல்வி உரிமைச் சட்டம் வந்துச்சு. 17-ஆம் பிரிவு என்ன சொல்லுது? பிள்ளைய அடிக்கவும் கூடாது, மனசு நோகவிடவும் கூடாது. 2010 ஏப்ரல்ல அமலாச்சு. என் தம்பி மகன் உங்க ரூம் வாசல்ல முட்டி போட்டது 2013.

சார்: அந்தச் சட்டத்தைப் பத்தி சர்க்குலர் வந்துச்சு. கையெழுத்துப் போட்டு ஃபைல்ல வச்சேனே.

செல்வம்: படிச்சீங்களா?

சார்: சர்க்குலரை எவன்டா படிப்பான்? அனுபவம் இருந்தாப் போதும்.

செல்வம்: அரசியலமைப்புலயும் ஒரு 17 இருக்கு சார்.

சார்: தீண்டாமை ஒழிப்பு! அதுக்குத் தனியா ஒரு ஸ்லைடே இருக்கு, அம்பேத்கர் படத்தோட.

செல்வம்: கக்கூஸ் கழுவ வாளியும் விளக்குமாறும் கொடுத்து எங்க தெருப் பசங்களை மட்டும் அனுப்புனீங்களே, அது எந்த ஸ்லைடுல வருது? பினாயில் நாத்தத்தோட வந்து உட்கார்ந்தா பக்கத்துல இருக்கவன் மூக்கைப் பொத்துவான். நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க. எட்டாவதோட நின்னவன் எத்தனை பேர்னு ஒரு நாளாவது கணக்குப் பார்த்தீங்களா? அவங்ககிட்ட பறிச்ச உரிமையைத்தான் இப்ப பவர்பாயிண்ட்ல போட்டுக் காட்டப்போறீங்க, மதியச் சாப்பாடும் பயணப்படியும் வாங்கிக்கிட்டு!

சார்: பழசைக் கிளறாதடா. டீ ஆறுது.

செல்வம்: சரி, பயிற்சியில ஆசிரியருங்க கேள்வி கேக்க நேரம் உண்டா?

சார்: கடைசி 5 நிமிஷம் இருக்கு. ஆனா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.

செல்வம்: அதெப்படி சார் அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?

சார்: வர்றவன் பாதிப்பேர் என்கிட்ட படிச்சவன்டா!