ஹிண்ட்: வழக்கம்போல்

எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான். அதற்குள்ளும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருந்தால் கதவு தட்டப்படும். பீரோவுக்குப் பூட்டு உண்டு. சாவி பீரோவின் தலையிலேயே கிடக்கும். கடிதம் யார் பெயருக்கு வந்தாலும், தபால்காரரிடமிருந்து வாங்கியவர் பிரிப்பார். பிரித்தவரே சத்தமாகப் படித்தும் காட்டுவார். இப்படி ஒளிவு மறைவில்லாமல், இருக்க வழியும் இல்லாமல், வாழ்ந்துகொண்டிருந்த திருச்சிக் குடும்பம் ஒன்றுக்குள், விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த ஓரிரு வருஷத்தில், கம்ப்யூட்டர் ஒன்று நுழைந்தது. கூடவே பாஸ்வேர்டும் நுழைந்தது.

அதை எங்கே வைப்பது என்பதில் விவாதமே எழவில்லை. ஹாலில், திரை வாசல்வரை தெரியும்படி வைத்தாயிற்று. காற்றோட்டத்துக்காக என்று அப்பா காரணம் சொன்னார். மானிட்டருக்கு அம்மா பூவேலை செய்த உறை தைத்துப் போட்டாள். சிபியுவின் நெற்றி என்று தோன்றிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. வீட்டில் ஆறு பேர். அப்பாயியைக் கழித்தாலும் ஐந்து பேர். நாற்காலி ஒன்று.

முதல் பாஸ்வேர்டைப் போட்டவன் அண்ணன். இன்ஜினீயரிங் படிக்கிறவன் என்பதால் அவனுக்கு அந்த உரிமை இருப்பதாக அவனே நினைத்துக்கொண்டான். எக்ஸ்பியில் பாஸ்வேர்டு வைத்தால் அது அத்தோடு விடாது. உன் ஃபைல்களையெல்லாம் உனக்கு மட்டுமே உரியதாக ஆக்கிவிடட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி கேட்கும். அமெரிக்காவில் இதைப் பிள்ளைகள் தனியறையில் உட்கார்ந்து படித்திருப்பார்கள். அண்ணன் படித்தபோது பின்னால் குடும்பமே நின்றுகொண்டிருந்தது. அவன் 'ஆமாம்' என்று அழுத்தினான்.

"எங்களுக்குத் தெரியாம உள்ள என்னடா வச்சிருக்க?" என்றாள் அம்மா.

"ப்ராஜெக்ட்மா. யாராவது தெரியாம அழிச்சிட்டா?"

"நேத்து வரைக்கும் யாரு அழிச்சா?"

அப்பாயி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பொண்ணு எந்த ஊருன்னு மொதல்ல கேளு" என்றாள்.

உள்ளே இருந்தவை எம்பி3 பாட்டுகளும் ரோட் ரேஷ் விளையாட்டும்தான். எனக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும். ஆனால் பூட்டு விழுந்த பிறகு அவற்றின் மதிப்பே வேறு. அதுவரை அண்ணன் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறான் என்று திரும்பிக்கூடப் பார்க்காத அப்பா, அதன் பிறகு தினத்தந்தியைப் பிடித்துக்கொண்டு திரைக்கு நேர் எதிரே உட்கார ஆரம்பித்தார். ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் படித்தார்.

அண்ணனுக்கு ஒன்று என்றால் எங்களுக்கும் ஒன்று வேண்டும் அல்லவா? ஆளுக்கொரு அக்கவுன்ட் திறக்கப்பட்டது. எக்ஸ்பியில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் படம் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் கிதாரை எடுத்துக்கொண்டான், அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா சதுரங்கக் காயை எடுத்துக்கொண்டார், அவருக்கு விளையாடத் தெரியாது. தங்கை பட்டாம்பூச்சி. எனக்கு மிஞ்சியது மஞ்சள் வாத்து. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் எங்கள் குடும்பத்தின் ரேஷன் கார்டு நீல வண்ணத்தில் வந்து நிற்கும்.

பாஸ்வேர்டு மறந்துபோனால் நினைவூட்ட ஒரு ஹிண்ட்டும் எழுதி வைக்கச் சொல்லும் எக்ஸ்பி. இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லோர் கண்ணுக்கும் அது தெரியும் என்று அதுவே எச்சரிக்கவும் செய்யும். கதவைப் பூட்டிவிட்டுச் சாவி எந்தத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்று கதவிலேயே எழுதி ஒட்டுகிற ஏற்பாடு.

அப்பா எழுதிய ஹிண்ட், 'வழக்கம்போல்'. அதைப் பார்த்த மாத்திரத்தில் நாங்கள் மூவரும் அவருடைய ஸ்கூட்டர் நம்பரை அடித்தோம், திறந்துகொண்டது. சூட்கேஸ் பூட்டுக்கும், ஏடிஎம் அட்டைக்கும், லாட்டரிச் சீட்டு வாங்கிய காலத்தில் அதற்கும், அந்த நாலு இலக்கத்தைத் தவிர வேறு எண்ணை அவர் நம்பியதில்லை. தங்கையின் ஹிண்ட், 'என் பெஸ்ட் ஃப்ரெண்ட்'. அது வாரத்துக்கு வாரம் மாறியதால் எங்களை விட அவள்தான் அதிகம் திண்டாடினாள். திங்கட்கிழமை சண்டை போட்ட சிநேகிதியின் பெயரை வியாழக்கிழமை தட்டச்சு செய்ய நேர்வது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அவமானம்! அண்ணனின் ஹிண்ட், 'முயற்சி செய்யாதே'. அதைப் பார்த்த பிறகு முயற்சி செய்யாமல் எப்படி இருப்பது?

அண்ணன் விஷயத்தில் துப்பறிந்தவள் அம்மா. கீபோர்டைத் தொட்டதில்லை அவள். ஆனால் மார்கழி முழுக்கப் புள்ளிக் கோலம் போட்டவள். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் வரிசையாகப் புள்ளி விழுவதைக் கூடம் பெருக்கியபடியே கவனித்திருக்கிறாள்.

"பெரியவனுக்கு ஒம்பது புள்ளி. கடைசி மூணும் ஓரத்துல இருக்கிற நம்பர் கட்டையில அடிக்கிறான்" என்று காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

ஒன்பதில் மூன்று போனால் ஆறு. அவன் எந்த நடிகரின் ரசிகன் என்பது தெருவுக்கே தெரியும். நம்பர் என்ன? ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான் இன்ஜினீயரிங்.

அப்பா அக்கவுன்ட்டுக்குள் நாங்கள் போய்வருவது அவருக்குத் தெரிந்ததும் ஆபீஸ் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் அலுவலகத்தில் பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றியாக வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்திருக்க வேண்டும். இனி மாதம் பிறந்தால் எல்லோரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்று உத்தரவு. அப்பாவுடையது 'முருகன்ஜனவரி' ஆனது. பிப்ரவரியில் என்ன ஆகியிருக்கும் என்று கண்டுபிடிக்க எங்களுக்குக் காலண்டர் போதுமானதாக இருந்தது.

இந்தச் சட்டத்தின் ரிஷிமூலம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் வேலை பார்த்த பில் பர் என்பவர் 2003இல் எழுதிய வழிகாட்டிதான் குறிகளைக் கலப்பது, அவ்வப்போது மாற்றுவது என்ற பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. 2017இல், ஓய்வுபெற்ற பிறகு, தாம் செய்தவற்றில் பலவற்றுக்கு இப்போது வருந்துவதாக அவரே ஒரு பேட்டியில் சொன்னார். காரணம், மாற்றச் சொன்னால் மக்கள் ஜனவரியைப் பிப்ரவரி ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். அதே வருஷம் நிஸ்ட்டும் விதியைத் திருத்தி, காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக வைக்கவிடுங்கள் என்று சொல்லிவிட்டது. இதைச் செய்தித்தாளில் அப்பாவிடம் காட்டினேன். "ரிட்டயர் ஆனப்புறம் எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க" என்றார். அவரும் அப்போது ஓய்வுபெற்றிருந்தார்.

உள்நாட்டுப் போர் இப்படி நடந்துகொண்டிருந்தபோது கோடை விடுமுறைக்குச் சித்தி மகன் வந்து இறங்கினான். ஏழாவது படிக்கிற பொடியன். நாங்கள் ஆளாளுக்கு மார்தட்டிக்கொண்டிருந்த பூட்டுகளைப் பார்த்து அவன் சிரித்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, எஃப்8 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தான். சேஃப் மோடு வந்தது. அதில் எங்கள் குடும்பத்தில் பிறக்காத புதிய ஒருவர், அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் தோன்றினார். எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பில் அவர் எப்போதும் உண்டு. நாமாக வைக்காதவரை அவருக்குப் பாஸ்வேர்டு கிடையாது. பொடியன் அவர் வழியாக உள்ளே போய் எல்லோருடைய பாஸ்வேர்டையும் அழித்துவிட்டு, பின்பால் விளையாட உட்கார்ந்தான்.

"எங்க வீட்டுல முன்னாடி 98 இருந்துச்சு. அதுல இதுகூட வேணாம். பாஸ்வேர்டு கேட்டா எஸ்கேப் அடிச்சா போதும், உள்ள விட்டுரும்" என்றான். சித்தப்பா அந்தப் பாஸ்வேர்டை எவ்வளவு பயபக்தியோடு காப்பாற்றினார் என்பதை நாங்கள் அறிவோம். அவர் டைப் அடிக்கும்போது மற்றவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. விண்டோஸே கிளம்பாதபடி பயாஸில் பாஸ்வேர்டு வைத்தான். வைத்தவன் கல்லூரிச் சுற்றுலாவுக்கு மூணாறு போய்விட்டான். அப்பா பொறுமையாக, அசெம்பிள் செய்து கொடுத்த கடைப் பையனுக்குப் போன் போட்டார். அவன் வந்தான், சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றினான், மதர்போர்டிலிருந்து எட்டணா அளவில் ஒரு பேட்டரியை நெம்பி எடுத்தான், டீ குடித்தான், திரும்ப மாட்டினான். பயாஸ் தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டது. கூடவே தேதியையும் மறந்து பழைய வருஷத்துக்குப் போய்விட்டது. அப்பாயி, "அப்ப எனக்கு வயசு கொறஞ்சிருக்குமா?" என்று விசாரித்தாள்.

"இவ்வளவுதானா இந்தப் பூட்டு?" என்று அப்பா கேட்டார்.

"வீட்டு ஆளுங்களுக்கு இது போதும் சார்" என்றான் அந்தப் பையன். சர்வீஸ் சார்ஜ் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான்.

அவன் சொன்னதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். வீட்டு ஆட்களுக்குத்தான் இந்தப் பூட்டே போதவில்லை. திருடன் வந்தால் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க உட்கார மாட்டான். கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போவான். பாஸ்வேர்டு என்பதே கூடப் புழங்குகிறவர்களுக்காகப் பிறந்தது. 1961இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சிடிஎஸ்எஸ் என்ற ஏற்பாட்டைச் செய்துகாட்டியது. ஆளுக்கு இத்தனை நேரம், ஆளுக்கென்று தனி ஃபைல் என்று பங்கு பிரிக்க வேண்டியிருந்ததால் ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். எங்கள் ஹாலில் நடந்ததுதான். நாற்காலிகள் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அடுத்த வருஷமே அது உடைந்தது. உடைத்தவர் ஒற்றரல்ல, ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வாரத்துக்கு ஒதுக்கிய நேரம் நாலு மணி. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. பாஸ்வேர்டு ஃபைலை அச்சடித்துத் தரும்படி துளையட்டை மூலம் மெஷினிடமே கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மற்றவர்கள் பெயரில் நுழைந்து அவர்கள் நேரத்தில் வேலை பார்த்தார். 1966இல் இன்னும் வேடிக்கை: ஒரு மென்பொருள் குளறுபடியால், நுழைகிற ஒவ்வொருவருக்கும் காட்ட வேண்டிய வரவேற்புச் செய்திக்குப் பதில் எல்லோருடைய பாஸ்வேர்டுப் பட்டியலும் அச்சாகி வந்து நின்றது. கார்பட்டோ 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்ற மேதை. அவரே முதுமையில், தம் பாஸ்வேர்டுகளை நினைவில் வைக்க முடியாமல் மூன்று பக்கத்துக்கு டைப் அடித்து வைத்திருந்ததாகச் சொன்னார். எங்கள் அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டையும் எழுதி வைத்திருந்தாள். அவளுக்கு விருது எதுவும் வரவில்லை.

ஆலன் ஷெர் யாருடைய ரகசியத்தையும் தேடிப் போகவில்லை, நேரத்தைத் தேடிப் போனார். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அப்பா அக்கவுன்ட்டுக்குள் போய் நாங்கள் எடுத்தது என்ன? அவருடைய பிஎஃப் கணக்கா? அவர் இருக்கிறார் என்று நினைத்து மற்றவர்கள் எழுப்பிவிடாத அரை மணி நேரம். சண்டையெல்லாம் நாற்காலிக்கு. அதைப் பூட்ட இதுவரை எந்த மென்பொருளும் வரவில்லை.

இதையெல்லாம் எங்களுக்கு முன்பே புரிந்துகொண்டவள் அம்மா. ஐவரில் கடைசியாக அவளுக்கும் ஒரு அக்கவுன்ட் திறந்தோம். சிவப்புப் பூ படம். பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று தங்கை கேட்டாள்.

"எனக்கெதுக்குடி? தெறந்தே கெடக்கட்டும்."

அப்படியே கிடந்தது. அதற்குள் ஒரே ஒரு ஃபைல். தங்கையை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல அடிக்கவைத்தது: கேஸ் புக் பண்ணணும், மாவு அரைச்சிட்டு வரணும், கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி, மாமா வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்கணும். ஒரு நாள் நாற்காலி காலியாக இருந்ததே என்று நான் அந்தப் பூவைச் சொடுக்கினேன். அடுப்படியிலிருந்தே குரல் வந்தது: "தெறந்துட்டியா? மேல இருந்து படி. மொதல் ரெண்டையும் முடிச்சிட்டு வந்து மீதியைப் பாரு."

அதன் பிறகு எங்கள் மூவரில் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. அப்பாகூட மவுஸைப் பூவின் மேல் படாமல் சுற்றிக்கொண்டுதான் போவார். சித்தி மகன் அடுத்த கோடைக்கும் வந்தான். எஃப்8 தெரிந்தவன், அட்மினிஸ்ட்ரேட்டரையே வசப்படுத்தியவன். பாஸ்வேர்டே இல்லாத அந்த ஒரு அக்கவுன்ட்டை மட்டும் தொடவில்லை. தொட்டால் கையில் பையைக் கொடுத்துவிடுவார்கள் என்று அவனுக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.