கோணல் வீட்டுக் குயில்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சினன் போன தடவை வந்தபோது சூட்கேஸிலிருந்து ஒரு மர வீட்டை எடுத்தான். குக்கூ கடிகாரம். சவுக்குக் காயை ஊதிப் பெரிதாக்கினாற்போல இரண்டு இரும்புக் குண்டுகள் சங்கிலியில் தொங்கும். பேட்டரி கிடையாது. குண்டு இறங்க இறங்க ஓடும். தினம் ஒரு தடவை சங்கிலியை இழுத்து மேலேற்ற வேண்டும். கிணற்றில் தண்ணி சேந்தி வளர்ந்த எங்கம்மாவுக்கு இதில் ஒரு அதிசயமும் தெரியவில்லை.

எங்கள் அஸ்தம்பட்டி முழுக்க ‘சுவிஸ் கடிகாரம்’ என்று பீற்றிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, இது ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் சரக்கு என்று. 1850இல் ஃபுர்ட்வாங்கன் கடிகாரப் பள்ளியின் தலைவர் புது வடிவம் கேட்டுப் போட்டி வைக்க, ஐசன்லோர் என்ற கட்டடக் கலைஞர் ரயில்வே காவலாளி வீட்டு முகப்பை வரைந்து அனுப்பினார். அந்த வீட்டுக்குள்தான் குருவி குடியேறியது. ரயில்வே கேட் சம்பந்தம் இருப்பதால்தானோ என்னவோ, என் வீட்டில் கதவு லேசில் திறக்கவில்லை.

மச்சினன் மாட்டிவிட்டுப் போனபோது ஓடிக்கொண்டுதான் இருந்தது. லேசாகக் கோணலாகத் தொங்குகிறதே என்று நான்தான் ரசமட்டம் வைத்து நேராக்கினேன். பத்து நிமிஷத்தில் நின்றது. பெண்டுலத்தை ஆட்டிவிட்டால் இன்னொரு பத்து நிமிஷம். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன்.

பின்பலகையைக் கழற்றினால் உள்ளே பட்டறைத் துருத்தி! தீப்பெட்டி சைஸில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழல். முதல் துருத்தி ‘குக்’, அடுத்தது ‘கூ’. நம்ம வேப்பமரத்துக் குயில் கூவினால் குரல் மேலே ஏறும். இது இறங்கும், மாசக் கடைசியில் சம்பளக்காரன் விடும் பெருமூச்சு மாதிரி.

கடைக்கு எடுத்துப் போனேன். கண்ணில் லென்ஸ் மாட்டியவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குருவி ரிப்பேர் பாக்கறதில்லீங்க. வேணும்னா பேட்டரி மிஷின் ஒண்ணு போட்டுத் தரட்டுங்களா?”

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, முள்ளை அவசரமாகச் சுற்றி நேரம் வைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பதினோரு தடவை கூவியது. “ஏண்டா கண்ணு, யாருக்கோ நேரம் சரியில்லையாட்டம் இருக்குதே” என்றார் அம்மா. பறவைக்கு மணியே தெரியாது என்பதுதான் விஷயம். உள்ளே பள்ளம் வெட்டிய ஒரு சக்கரம், பள்ளம் வரும்வரை கூவச் சொல்லும். ஒன்று, இரண்டு என்று வரிசை தப்பாமல் பன்னிரண்டு வரை. அரைமணிக்கு ஒன்று. ஒரு நாளைக்கு மொத்தம் 180 கூவல். முள் எங்கே இருக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. கூவி முடிக்க விடாமல் முள்ளைத் தள்ளியது நான். கூவலை எண்ணி, அந்த மணிக்கு முள்ளைக் கொண்டுபோய் வைத்ததும் சமாதானமாயிற்று.

ஆனாலும் பத்து நிமிஷம்தான் ஓடியது. ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் சத்தம் அடங்கியதும் முதல்முறையாக அதன் நடை காதில் விழுந்தது: டிக்டாக்... டிக்டாக்... ஒரு கால் குட்டையானவன் நடப்பது போல. பெண்டுலம் இரண்டு பக்கமும் சமமாகப் போனால்தான் நங்கூரம் போன்ற கொக்கி சக்கரத்தின் பல்லைப் பிடித்துப் பிடித்து விடும். ஒரு பக்கம் குறைந்தால் ஆட்டம் செத்துவிடும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மர வீட்டின் அடிப்பக்கத்தை இடதுபுறம் ஒரு விரற்கடை நகர்த்தினேன். டிக், டாக், டிக், டாக். மச்சினன் மாட்டியிருந்த அதே கோணல்!

உள்ளே பெண்டுலக் கம்பியைத் துளி வளைத்தால் நேராகத் தொங்கியே ஓடுமாம். வளைக்கப் போய் ஒடித்துவிடுவேன் என்று மனைவி ஸ்க்ரூடிரைவரைப் பூட்டிவைத்துவிட்டாள்.

அதே மனைவிதான் வெள்ளிக்கிழமை தோறும் ஒட்டடை அடிக்கும்போது கடிகாரத்தை நேராக்குகிறாள். “ஏங்க, வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?” அது நிற்கும். சரியான கோணலுக்கு அடையாளமாகச் சுவரில் பென்சில் கோடு போட்டுவைத்தேன். போன வெள்ளிக்கிழமை கோட்டையும் துடைத்துவிட்டாள்.