பயிரே, கொஞ்சம் பொறு

கனகராயன்குளத்துச் சகல நெற்பயிர்களுக்கும் இத்தால் அறியத்தருவது: விதைத்து இரண்டாம் கிழமை பசி, குடலைப் பருவத்தில் பசி என்று நீங்கள் காட்டும் அவசரம் அரச நடைமுறைக்கு முரணானது. உங்கள் உரமானியம் பரிசீலனையில் உள்ளது. திறைசேரி பணம் விடுவிக்கும்வரை வளராமல் நிற்கவும். பிரதி: ஐப்பசி மழை.

இப்படியொரு சுற்றறிக்கை இன்னும் வரவில்லை. வந்தாலும் இங்கே ஒருவரும் திடுக்கிட மாட்டார். பசளைக்கு வன்னி காத்திருப்பது புதிதா? போர்க்காலத்தில் யூரியா எங்களுக்குத் தடைப்பட்ட பொருள்; வெடிமருந்தாகிவிடுமாம். 2005க்குப் பிறகு தெற்கில் 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்குப் போனது. போர்நிறுத்தம் முறிந்து போர் திரும்பியதும் எங்களுடைய மூட்டை மறுபடி ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சந்தேகநபரானது.

பிறகு கோட்டாபய ஜனாதிபதியாக வந்தார். 2021 மே 6இல் ஒரு வர்த்தமானி; இரசாயனப் பசளை இறக்குமதிக்கு முழுத்தடை. எங்களுக்கு மட்டும் இருந்த தடையை முழுத்தீவுக்கும் சமமாகப் பங்கிட்டார். இந்த நாட்டில் உண்மையாக நடந்தேறிய ஒரே தேசிய நல்லிணக்கத் திட்டம் அதுதான்! மூட்டைக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்தது. சீனாவிலிருந்து சேதனப் பசளையோடு ஒரு கப்பல் வந்தது. அதில் கிருமி இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார்கள். இறக்காத அந்தப் பசளைக்கு ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் கொடுத்தார்கள். கமக்காரனுக்கு வராத பணம், வராத பசளைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. நவம்பரில் தடையை எடுத்தபோது வயல் பழுத்துக் கிடந்தது, நெல்லால் அல்ல, மஞ்சள் இலையால். அடுத்த ஆண்டு இந்தியக் கடனில் வந்த யூரியா மூட்டை 10,000 ரூபாய்.

இப்போது மானியம் காசாக வருகிறது. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வாசலில் நின்றபோது, ஹெக்டேயருக்கு 15,000 ஆக இருந்தது 25,000 ஆனது. தேர்தல் ஆணைக்குழு பொறுங்கள் என்றது. புதிய ஜனாதிபதி கொடுங்கள் என்றார். எல்லோரும் ஏக்கரில் கணக்குப் பார்க்கிற ஊரில் அது ஏக்கருக்கு 10,000 வரும். அதுவும் தவணையாக. பசளைக்கடைக் கொப்பியில் கடன் எழுதி, அது போதாமல் காப்பை அடகு வைத்து, எறிய வேண்டிய நாளில் பசளையை எறிந்துவிட்டுத்தான் எங்கள் சனம் வங்கிக்குப் போய் “காசு விழுந்திட்டுதோ பிள்ளை?” என்று கேட்கிறது. கமநல சேவை நிலையத்து மேசைக்கு அங்கால் இருப்பவரைத் திட்டிப் பயனில்லை. பணம் எப்ப வருமென்று அவருக்கும் கொழும்பு சொல்வதில்லை. (இந்தப் பகுதியில் படிவம் நிரப்பாமல் தன் பங்கை நேரத்துக்கு எடுப்பது யானை மட்டும்.)

மானியம் கெட்டது, சந்தையைக் கெடுக்கும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்கும் பெரிய நாடுகளையும் பாருங்கள். அமெரிக்காவில் 1996 முதல் 2014 வரை ஒரு திட்டம் இருந்தது: பழைய பதிவில் நிலம் இருந்தால் போதும், விதைக்காவிட்டாலும் பணம். அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்துப் பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வென்றது. அமெரிக்கா என்ன செய்தது? மானியத்தை விட மனமில்லாமல், பிரேசிலின் பருத்தித் துறைக்கும் ஆண்டுக்கு 14.73 கோடி டொலர் கொடுக்க இணங்கியது. 2014இல் இன்னும் 30 கோடி கொடுத்து வழக்கையே முடித்தது. அங்கே விதைக்காதவனுக்கும் எதிர்த்து வழக்காடியவனுக்கும் காசு. இங்கே விதைத்தவனுக்கு வரிசை.

அமைச்சரே, நாங்கள் அமெரிக்கப் பருத்திக்காரனின் சுகம் கேட்கவில்லை. காலபோகம் புரட்டாதி, ஐப்பசியில் விதைக்கப்படும் என்பது இரகசியமில்லை. குளம் கட்டிய காலத்திலிருந்து அப்படித்தான். ஆவணி முடியமுன் காசைப் போடுங்கள். முடியாதென்றால், கணக்கு இலக்கம் கேட்டு இன்னொரு படிவம் அனுப்பாதீர்கள். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.