நான் வார்த்த மீன்

முட்டுக்காடு உப்பங்கழியில் கொடுவா பிடிக்கப் போனவன், தூண்டிலில் மாட்டிய 450 ரூபாய் பொம்மை மீனைத் தண்ணீருக்கடியில் ஏதோ கயிற்றில் சிக்கவைத்துப் பறிகொடுத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி யோசனை உதித்தது: நாமே செய்தால் என்ன?

பின்லாந்துக்காரர் லௌரி ராப்பாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தகட்டை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசித் தன் மீனைச் செய்தார். வீட்டில் கிடந்ததை வைத்தே ஒப்பேற்றிய மனிதர். நான் 3,200 ரூபாயில் தொடங்கினேன்.

பாலியூரித்தேன் நுரை இரண்டு புட்டிகளில் வரும். சம அளவு ஊற்றிக் கலக்கினால் ஒரு நிமிடத்துக்குள் பொங்கத் தொடங்கி, அச்சை நிறைத்து, இறுகி, மிதக்கும் மீனாகிவிடும். அச்சை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு பாதியாக எடுத்து, நன்றாகக் காயவைத்து, உள்ளே மெழுகு தடவி, நடுவில் கம்பியும் வயிற்றில் ஈயமும் வைத்து இறுகக் கட்ட வேண்டும். மெழுகை மறந்தேன். ஈயத்தை மறக்கவில்லை, முதுகுப் பக்கம் வைத்தேன். கையுறை மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தேன்.

அதுவோ ஐப்பசி அடைமழை. அச்சு காயவே இல்லை. இந்தத் திரவத்தில் ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, நுரை இன்னும் பொங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. கட்டியிருந்த ரப்பர் பேண்டுகள் படபடவென்று அறுந்தன. கலக்கிய காபி டம்ளரில் மிச்சமிருந்ததும் விளிம்பைத் தாண்டி எழுந்தது. தையில் பொங்க வேண்டியது எங்கள் பால்கனியில் ஐப்பசியிலேயே பொங்கியது.

"என்னங்க, அது என் டம்ளர்தானே?" என்றாள் மனைவி. கேள்வியல்ல, தீர்ப்பு.

சுத்தியலால் அச்சை உடைத்து மீனை மீட்டேன். மூன்று முள் கொக்கியை மாட்டும்போது அது என் லுங்கியைப் பிடித்தது. இதுவரை அது பிடித்த ஒரே உருப்படி. வாளித் தண்ணீரில் விட்டதும் நிதானமாகப் புரண்டு மல்லாந்தது.

"அப்பா, அச்சு அசல் செத்த மீன்!" என்றான் மகன்.

கொடுவாவை ஞாயிற்றுக்கிழமை சந்தையில்தான் வாங்குகிறோம். நுரை இறுகிய டம்ளர் தையல் மெஷின் மேல் இருக்கிறது. மனைவி அதில் ஆறு ஊசியும் மூன்று ஊக்கும் குத்தி வைத்திருக்கிறாள்.